சிறு தீவு நாடுகளில் செய்தித்தாள் யாருடையது: ஃபிஜியிலும் மாலத்தீவிலும் கண்டவை

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் கணக்காளராகப் பணியாற்றிய உறுப்பினர்:

2006 டிசம்பரில் பைனிமராமா தலைமையிலான இராணுவம் ஃபிஜியின் ஆட்சியைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் சுவாவில் இருந்தேன். அங்கே மூத்த நாளிதழ் 1869இல் லெவுகா நகரில் தொடங்கப்பட்ட ஃபிஜி டைம்ஸ். ஆங்கில நாளிதழோடு சாந்தி தூத் என்னும் இந்தி வார இதழையும் பூர்வகுடி மக்களின் மொழியில் நை லலாகாயையும் அதே நிறுவனம் வெளியிட்டதால், நாட்டின் எல்லாத் தரப்பினரின் வீட்டுக்கும் அது சென்றது. அப்போது அதன் உரிமை ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் இருந்தது.

முதலில் வெளியீட்டாளர்கள் மீது கை வைத்தார்கள். 2008 பிப்ரவரியில் ஃபிஜி சன் இதழின் ரஸல் ஹண்டர், மே மாதத்தில் ஃபிஜி டைம்ஸின் எவன் ஹன்னா, 2009 ஜனவரியில் அவருக்கு அடுத்து வந்த ரெக்ஸ் கார்ட்னர் என மூவரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2009 ஏப்ரல் 9 அன்று, இராணுவம் அமைத்த அரசு சட்டத்துக்குப் புறம்பானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் புனித வெள்ளியன்று குடியரசுத் தலைவர் அரசமைப்பையே நீக்கிவிட்டார். நெருக்கடிநிலை விதிகளின்படி தணிக்கை அலுவலர்கள் செய்தியறைகளுக்குள் வந்து அமர்ந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று நான் வாங்கிய ஃபிஜி டைம்ஸில் செய்திகள் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டு, அரசின் கட்டுப்பாடுகளால் அவற்றை வெளியிட இயலவில்லை என்ற அறிவிப்பு மட்டும் அச்சாகியிருந்தது. அதன்பின் அவ்வாறு வெறுமையாக விடுவதும் கூடாது என்றார்கள். டெய்லி போஸ்ட் என்ற மற்றொரு நாளிதழ், ஒருவர் பேருந்தில் ஏறினார் என்பதையே செய்தியாக வெளியிட்டுத் தன் எதிர்ப்பைக் காட்டியது. ஆஸ்திரேலிய வானொலியின் உள்ளூர் பண்பலை ஒலிபரப்பும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் காலை நேரப் பேச்சு, யாருக்கு எந்த வலைப்பதிவு திறக்கிறது என்பதாகவே இருந்தது.

ஆனால் தணிக்கை அலுவலரைவிட நீடித்து வேலை செய்தது பணம் என்பதை என் தொழிலின் வழியாகவே கண்டேன். நான் கணக்கு எழுதிய கட்டடப் பொருள் வணிகர் ஒருவர் அரசுத் துறைகளுக்குச் சரக்கு வழங்கி வந்தார். அவர் ஃபிஜி டைம்ஸில் தந்துவந்த விளம்பரத்தை ஒரு மாதம் திடீரென நிறுத்தினார். யாரும் தம்மிடம் நிறுத்தச் சொல்லவில்லை என்றும், ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலத்தில் தம் பெயர் அந்தப் பக்கங்களில் இருப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் சொன்னார். அவரை நான் குறைகூற மாட்டேன். அவரிடம் வேலை செய்தவர்களின் சம்பளம் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஏறத்தாழ ஒன்பது லட்சம் மக்களே உள்ள நாட்டில் அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் எவருமில்லை.

2010 ஜூனில் வந்த ஊடக ஆணை, ஊடக நிறுவனத்தின் உரிமையில் 90 விழுக்காடு ஃபிஜிக் குடிமக்களிடம் இருக்க வேண்டும் என்றது. மூன்று மாத அவகாசத்துக்குள் மர்டாக்கின் நிறுவனம் இதழை விற்க நேர்ந்தது. செப்டம்பரில் அதை மோதிபாய் குழுமம் வாங்கியது. நாந்தி விமான நிலையத்தில் சுங்கத் தீர்வையற்ற கடைகள் நடத்திவந்த குடும்பம் அது. அத்தகைய உரிமையாளரின் கீழ் இதழ் அடங்கிப் போகும் என்று நகரில் பலரும் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு விளம்பரங்கள் ஃபிஜி சன்னுக்கே சென்றபோதும், 2013இல் நீதிமன்ற அவமதிப்புக்காக 3 லட்சம் ஃபிஜி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோதும், நை லலாகாயில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக ஆசிரியர் ஃப்ரெட் வெஸ்லி உள்ளிட்டோர் மீது அரசத் துரோக வழக்குப் போடப்பட்டபோதும் அந்த இதழ் நின்றது. 2018 மே மாதத்தில் அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியை நான் ஊர் திரும்பிய பிறகு படித்து மனம் நெகிழ்ந்தேன்.

மாலத்தீவில் ஆசிரியராக இருந்த உறுப்பினர்:

நண்பர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறை நினைவுக்கு வந்தது. தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தால், உள்ளூர் ஆசிரியர்கள் முதலில் கேட்பது அது யாருடைய அலைவரிசை என்பதைத்தான். வில்லா தொலைக்காட்சி, சுற்றுலா விடுதிகளின் அதிபரும் கட்சித் தலைவருமான காசிம் இப்ராகிமுடையது; சன் ஊடகக் குழுமம், விடுதி அதிபரும் நாடாளுமன்ற உறுப்பினருமான அகமது சியாமுடையது. விடுதிக்குரிய தீவைக் குத்தகைக்கு விடுவது அரசு. அப்படியிருக்கையில் செய்தியறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1978 முதல் வந்த ஹவீரு நாளிதழ், உரிமை வழக்கு ஒன்றின் முடிவில் 2016இல் நின்றுபோனது. அதன் செய்தியாளர்கள் ஈராண்டுக்கு வேறு ஊடகத்தில் பணியாற்றக் கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அவதூறுச் சட்டம் 20 லட்சம் ரூஃபியா வரை அபராதம் விதிக்க இடமளித்தது. 2018இல் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் காணாமல் போன செய்தியாளர் அகமது ரில்வான் எங்கே என்று கேட்கும் சுவரொட்டிகளை தலைநகர் மாலேயின் தெருக்களில் பார்த்தேன். பாதிக்கப்பட்டவரின் குடும்பமும், குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினரும், விசாரிக்கும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கக்கூடிய ஊரில் அந்தக் கேள்வியைச் சுவரில் ஒட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் உணர்வார்கள்.

முதல் உறுப்பினரின் மறுமொழி:

குத்தகை பற்றி நீங்கள் எழுதியதே சரியான இடம். ஃபிஜியில் 2010இல் ஆணையாக வந்த அந்த ஊடகச் சட்டம் 2023 ஏப்ரல் 6 அன்று நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் ஊடகச் சுதந்திரப் பட்டியலில் 2022இல் 102ஆம் இடத்தில் இருந்த நாடு 2024இல் 44ஆம் இடத்துக்கு முன்னேறியது. ஆயினும் 2010க்குப் பின் பணிக்கு வந்த இளம் செய்தியாளர்கள் அந்தச் சட்டத்தின் கீழேயே தொழில் கற்றவர்கள். அமைச்சரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதை அவர்கள் இப்போதுதான் பழகுகிறார்கள் என்று அங்குள்ள ஒரு நண்பர் எழுதினார். மாலத்தீவிலோ 2025 செப்டம்பரில், செய்தியாளர்களின் எதிர்ப்பையும் மீறி, ஊடகங்களுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரத்துடன் புதிய ஆணையத்தை அமைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே இப்போது பணியில் இருப்பவர்கள் எவரேனும் இருந்தால், விடுதி அதிபர்களின் அலைவரிசைகள் அதை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்று எழுதுங்கள்.