எச்ஆர் கன்சல்டிங் வேலை தொடங்க முதல் கிளையன்ட்கிட்ட என்னென்ன கேக்கிறீங்க?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். கம்பனி வேலையை விட்டுட்டு இப்ப தனியா எச்ஆர் கன்சல்டிங் செய்யிறன். கொழும்பு புறக்கோட்டையில ஒரு துணி ஹோல்சேல் கடை, கீழ சேல்ஸ், மேல ஒபிஸ், பின்னால ஸ்டோர்ஸ். முதலாளி "ஆக்கள் நிக்கிறாங்க இல்ல தம்பி, ஒரு ஹேண்ட்புக் அடிச்சுத் தாங்க, எவ்வளவு முடியும்" எண்டு கேக்கிறார், வேலை ஆக்களுக்கான விதிப் புத்தகம்தான். நான் கூகுள் ஃபோர்ம் ஒண்டு அனுப்பினன், விஷன், மிஷன், ஓர்கனைசேஷன் சார்ட் எல்லாம் கேட்டு. பதிலே இல்ல, கோல் எடுத்தா "பாக்கிறன் தம்பி". உண்மையில என்ன தகவல் எடுத்துட்டு விலை சொல்லணும்?

பேரோல் அக்கா:
தம்பி, புறக்கோட்டை முதலாளிகிட்ட போய் மிஷன் கேட்டா யார் பதில் போடுவாங்க 😄 பின்னேரம் யாவாரம் ஓய்ஞ்ச பிறகு நேர போங்க. முதல்ல ஆள் கணக்கு. "எத்தனை பேர்" எண்டு கேட்டா "ஒரு பத்துப் பதினைஞ்சு" எண்டுவார், அது உதவாது, போன ஒரு வருஷம் மாசம் மாசம் எத்தனை பேருக்கு சம்பளம் போனது எண்டு எடுங்க. ஏனெண்டா 1983 பணிக்கொடைச் சட்டத்தில, ஆள் விலகிறதுக்கு முந்தின 12 மாசத்தில ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்தாலே போதும், 5 வருஷம் முடிச்சவருக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம் குடுக்கத்தான் வேணும். 1971 வேலைநீக்கச் சட்டம் வேற மாதிரி, அது முந்தின 6 மாசச் சராசரி ஆள் கணக்கைப் பாக்கும். அதுக்குள்ள வந்துட்டா ஒழுக்காற்றுக் காரணமும் ஆளோட எழுத்துச் சம்மதமும் இல்லாம நிப்பாட்ட தொழில் ஆணையாளர் நாயகத்தோட அனுமதி வேணும். இது தெரியாம ஹேண்ட்புக்ல "ஒரு மாச நோட்டீஸ்ல நிப்பாட்டலாம்" எண்டு எழுதிடாதீங்க.

பிறகு சம்பளச் சீட்டையும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) மாசா மாசம் கட்டுற சி ஃபோர்மையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க. ஆளோட 8, முதலாளியோட 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் எல்லாம் சரியாத்தான் இருக்கும், எந்தத் தொகைக்கு கணக்குப் போட்டது எண்டதுதான் விஷயம். பேசிக்க குறைச்சு மிச்சத்தை "இதர படி" எண்டு போட்டிருப்பாங்க. ஓவர்டைமுக்கு ஈபிஎஃப் இல்ல, சரி, ஆனா வாழ்க்கைச் செலவுப் படிக்கும் சாப்பாட்டுப் படிக்கும் இருக்கு. வரவுப் புத்தகத்தையும் ஒருக்கா பிரட்டுங்க, எல்லாருக்கும் 8.30, எல்லாம் ஒரே பேனை, ஒரே கையெழுத்து எண்டா அந்தக் கடையில வாரத்துக்கு 45 மணித்தியாலம் எண்ட சட்டமெல்லாம் பேப்பர்ல மட்டும்தான்.

கொட்டாஞ்சேனை ரவுண்ட்:
அக்கா சொன்னதோட இன்னொண்டு, "ஏன் இப்ப" எண்டு கேளுங்க ப்ரோ. இவ்வளவு காலம் ஹேண்ட்புக் இல்லாம ஓடின கடைக்கு திடீரெண்டு வேணும் எண்டா பெரும்பாலும் லேபர் ஒபிஸ்ல இருந்து கடிதம் வந்திருக்கும், இல்லாட்டி மகன் யாவாரத்துக்கு வந்திருப்பார். ரெண்டும் வேற வேற வேலை, விலையும் வேற. லீவு யார் குடுக்கிறது, அட்வான்ஸ் யார் குடுக்கிறது எண்டும் கேளுங்க, முதலாளி "நான்தான்" எண்டுவார், ஆனா காசாளர் ஐயாவாத்தான் இருக்கும். கடைசியா விலகிப் போன ஆக்களோட முதலாளி சம்மதத்தோட கதைக்க முடிஞ்சா அதைவிட நல்லது ஒண்டும் இல்ல. ஸ்டோர்ஸ் பெடியங்கள் சிங்களம் மட்டும் எண்டா ஹேண்ட்புக் சிங்களத்திலயும் வேணும், அந்தச் செலவை மறந்துடாதீங்க.

நிழல்மரம்:
ஐடி கொப்பி, பேங்க் விபரம் ஒண்டும் வட்சப்ல வாங்க வேணாம். 2022ல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாஸானது தெரியும்தானே, அதை விட்டாலும் உங்கட போன் துலைஞ்சா பதில் சொல்லுறது நீங்க. பேரை மறைச்ச சம்பளச் சீட்டே முதல் ரவுண்டுக்கு காணும்.

வெள்ளவத்தைவாசி:
நன்றி அக்கா, எல்லாருக்கும். ஆனா இவ்வளவும் பாக்கவே ரெண்டு மூணு நாள் போகுமே, அதுக்கு காசு கேக்கலாமா?

பேரோல் அக்கா:
கேளுங்க. பாத்து அறிக்கை குடுக்க தனி விலை, ஹேண்ட்புக்குக்கு தனி விலை. முதலாவதுக்கே பேரம் பேசினா ரெண்டாவதுக்கு அட்வான்ஸ் வாங்காம கை வைக்காதீங்க.