மாடிசன் கவுண்டியின் கூரைப் பாலங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

டெ மாய்னிலிருந்து:

சென்ற அக்டோபரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவரை ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மாடிசன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) உள்ள வின்டர்செட் ஊருக்கு அழைத்துப் போனோம். இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊரைத் தாண்டி ரோஸ்மன் பாலத்துக்குப் போகும் வழியில் தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை தொடங்கியது. இருபுறமும் அறுவடைக்குக் காய்ந்து நின்ற மக்காச்சோளம். ஒரு வளைவில் பாலம் கண்ணில் பட்டதும் அம்மா கேட்டார்: “ஆற்றுக்கு மேலே யார் வீடு கட்டியிருக்கிறார்கள்?”

பாலம்தான் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “மனிதருக்குக் கூரை வேண்டும், மாட்டுக்கு வேண்டும். பாலத்துக்கு எதற்கு?” என்றார். எனக்கும் அப்போது விடை தெரியாது. ஊருக்குள் திரும்பி விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பாலத்தின் தளத்தைத் தாங்கும் கனத்த மரங்கள்தான் அதில் விலை கூடியவை. மழையிலும் பனியிலும் நனைந்து அவை உளுத்துப்போனால் மாற்றுவது பெருஞ்செலவு. பக்கப் பலகைக்கும் கூரைக்கும் ஆகும் செலவு அதைவிடக் குறைவு. அதனால் கவுண்டி நிர்வாகமே பாலங்களை மூடிக் கட்டச் சொல்லியிருக்கிறது. கூரை வழிப்போக்கருக்காக அல்ல, மரத்துக்காகப் போட்டது. கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கணக்குத் தெரிந்தவர்கள்” என்றார்.

மொத்தம் 19 பாலங்கள் இருந்தனவாம். இன்று ஆறு பாலங்கள்தான் மிச்சம். போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அந்த ஆறில் எதைப் பார்த்தீர்கள்?

ஒமாஹாவிலிருந்து:

ஆறு பாலங்களையும் பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் பலமுறை. நான் கட்டுமானப் பொறியாளன். ரோஸ்மன் பாலத்துக்குள் போனால் முதலில் பக்கச் சுவரின் உட்புறத்தைப் பாருங்கள். கயிற்றுக்கட்டில் பின்னல்போலப் பலகைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற முறை அது. பெரிய உத்தரங்களையும் கைதேர்ந்த தச்சர்களையும் அதிகம் நம்பாமல், ஒரே அளவுப் பலகைகளை அடுக்கடுக்காகப் பிணைத்து ஆற்றைத் தாண்டிவிடலாம். நாட்டுப்புறத்துக்கு ஏற்ற யோசனை. 1880இல் கட்டிய ஹாலிவெல் பாலம் இப்படித்தான் 122 அடி நீளத்துக்கு நிற்கிறது. மிஞ்சியவற்றில் அதுவே நீளமானது. பலரும் ரோஸ்மனோடு திரும்பிவிடுகிறார்கள், ஹாலிவெல்லையும் விட்டுவிடாதீர்கள்.

ஐம்ஸ், கட்லர்-டோனஹோ இரண்டும் 1870இல் கட்டியவை. இரண்டுமே இன்று பிறந்த இடத்தில் இல்லை. கட்லர்-டோனஹோவை 1970இல் வின்டர்செட் நகரப் பூங்காவுக்கும், ஐம்ஸை 1977இல் செயின்ட் சார்லஸ் ஊருக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். பூங்காவில் நிற்கும் பாலத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஆனால் ஆற்றிலேயே விட்டிருந்தால் ஒரு வெள்ளம் போதும். இடம் போனாலும் மரமாவது மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாலங்கள் 1976இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் ஏறினால் பத்திரமாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மத்திய அரசின் பணமோ அனுமதியோ தொடர்புடைய வேலை வந்தால் அதன் பாதிப்பை ஆராய வேண்டும், பழுது பார்க்க நிதியுதவி கேட்க வழி கிடைக்கும். அதற்குமேல் அது காவல் காப்பதில்லை. காவல் உள்ளூர்க்காரர்கள் கையில்தான்.

ஏம்ஸிலிருந்து:

ஐயா சொன்ன காவலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1999இல் இங்கே படிக்க வந்தேன். முதல் வசந்தத்தில் நண்பனின் பழைய காரில் சீடர் பாலத்துக்குப் போனோம். மற்றப் பாலங்களில் நடந்துதான் போக முடியும், இதில் மட்டும் வண்டியை ஓட்டிப் போகலாம். உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அணைந்தது. சக்கரத்துக்கடியில் பலகைகள் தடதடத்தன. மரத்தின் வாசனை கார் முழுக்க நிறைந்தது. மறுபுறம் வெளிச்சத்துக்கு வந்ததும் நண்பன் காரைத் திருப்பி இன்னொரு முறை ஓட்டினான். மூன்றாவது முறையும் போனோம்.

2002 செப்டம்பரில் அந்தப் பாலத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். 1883இல் கட்டிய பாலம் ஓர் இரவில் போயிற்று. ஆய்வகத்தில் செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் வேலை செய்ய முடியவில்லை.

பழைய வரைபடத்தின்படி 2004இல் மறுபடி கட்டினார்கள். 2017 ஏப்ரலில் அதற்கும் தீ. இந்த முறை பதின்வயதுப் பிள்ளைகள் மூவர் மீது வழக்கு வந்தது. அந்தக் கோடையில் போய் ஓடைக்கரையில் நின்றேன். பக்கத்து நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். “திரும்பக் கட்டுவோம்” என்றார். கட்டுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. 2019இல் கட்டி முடித்தார்கள். என் மகளைக் கூட்டிப்போய் அதே வழியில் ஓட்டினேன். பலகைகள் அதேபோல் தடதடத்தன. மூன்று முறை ஓட்டினேன்.

மினியாபொலிஸிலிருந்து:

அக்கா, படித்ததும் நெகிழ்ந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2019இல் கட்டியதை 1883இன் பாலம் என்று நாம் அழைக்கக் கூடாது. அப்படி அழைத்தால், எரிந்தாலும் பரவாயில்லை, இன்னொன்று செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடும். அந்தத் தச்சர்களின் உளி பட்ட மரம் திரும்ப வராது. ரோஸ்மனும் (1883) ஹாக்பேக்கும் (1884) நமக்கு இன்னும் அருமையாவது அதனால்தான்.

ஏம்ஸிலிருந்து:

தம்பி, நீங்கள் சொல்வது சரி, அந்த மரம் வராது. நானும் அதை 1883இன் பாலம் என்று மகளிடம் சொல்லவில்லை. இரண்டு முறை எரிந்ததையும் இரண்டு முறை கட்டியதையும் சேர்த்தே சொன்னேன். அவளுக்கு அந்தப் பாலம் அதுதான்.

கன்சாஸ் சிட்டியிலிருந்து:

பாலத்தோடு திரும்பிவிடாமல் வின்டர்செட் ஊருக்குள்ளும் நடந்து பாருங்கள். சதுக்கத்தின் நடுவே நிற்கும் நீதிமன்றம், முந்தையது 1875இல் தீயில் போனபின் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பியது. அடிமைத்தனத்தில் பிறந்த தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இந்த ஊரில்தான் ஒரு விடுதியில் சமையல்காரராக இருந்தார். தேவாலயத்தில் பழக்கமான ஒரு தம்பதி அவரைக் கல்லூரிக்குப் போகும்படி வற்புறுத்தினார்கள். சிம்ப்சன் கல்லூரிக்கும், பிறகு ஏம்ஸில் உள்ள கல்லூரிக்கும் போனார். ஏம்ஸ் அக்காவுக்கு அந்த வழி தெரிந்திருக்கும். வின்டர்செட்டில் கார்வர் பெயரில் ஒரு சிறு பூங்கா உண்டு. நான் போன அன்று அங்கே என்னைத் தவிர யாருமில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சரளைச் சாலையில் எங்கள் வண்டி சறுக்கி ஓரப் பள்ளத்துக்குள் பாதி இறங்கிவிட்டது.

டெ மாய்னிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். ரோஸ்மனுக்குள் பலகைகள் எங்கும் பெயர்கள், இதயங்கள், தேதிகள். என் மகன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். நானும் தடுக்கவில்லை, இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அம்மாதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்பிரைட் என்றொரு பாலம் இதே கவுண்டியில் இருந்தது. காதலியின் பெயரெழுத்தையும் தன்னுடையதையும் அதில் செதுக்கியிருந்த ஓர் இளைஞன், காதல் முறிந்ததும் அந்த எழுத்துகளை அழிக்க 1983இல் பாலத்தையே எரித்துவிட்டான். வீட்டுக்கு வந்தபின் இதைப் படித்து அம்மாவிடம் சொன்னேன். அவர் மகனைக் கூப்பிட்டு, பேனாவையும் ஒரு தாளையும் கொடுத்து, “பாலத்தை இதில் வரை, அடியில் உன் பெயரை எழுது” என்றார். அந்தப் படத்தை ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார்.