நத்தைச் சாறு கிருமியைக் கொல்கிறது, மருந்தாகுமா?

ஓட்டுக்குள்ளே:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு பைலா குளோபோசா எடுத்திருக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிற நன்னீர் நத்தைதான். ஓட்டை உடைத்து, குடலை நீக்கி, சதையை அரைத்து மெத்தனாலில் இரண்டு நாள் ஊறவைத்தேன். வடிகட்டி வற்றவைத்ததும் பழுப்பாக, பிசுபிசுவென்று கொஞ்சம் மிஞ்சியது. அதைத் திரும்ப மெத்தனாலிலேயே கரைத்துப் பேப்பர் டிஸ்கில் விட்டு, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை வளர்க்கும் தட்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் டிஸ்கைச் சுற்றி கிருமி வளராத 11 மி.மீ. வளையம்! இன்னும் கைடிடம் காட்டவில்லை. 'மருந்தாகும் வாய்ப்புண்டு' என்று எழுதலாமா அண்ணா?

தட்டுக்கழுவி:
அவசரப்படாதீர்கள் தம்பி. வெறும் மெத்தனால் விட்ட டிஸ்க் பக்கத்தில் இருந்ததா? அதைப் பற்றிப் பேச்சே இல்லையே. டிஸ்க் சரியாகக் காயாவிட்டால் மெத்தனாலே கிருமியைக் கொன்றுவிடும். அப்புறம், டிஸ்கே 6 மி.மீ. அதைக் கழித்தால் இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரைதான் மிச்சம்.

இன்னொன்று. மெத்தனாலில் புரதம் அவ்வளவாகக் கரையாது, திரிந்து வடிதாளிலேயே நின்றுவிடும். அக்காட்டினா ஃபுலிக்கா என்ற தரைநத்தையின் சளியில் கிருமியைக் கொல்வதாகக் கண்டுபிடித்த அக்காசின் ஒரு புரதம்தான். அந்த மாதிரி ஏதாவது உங்கள் நத்தையில் இருந்தாலும் வடிதாளோடு குப்பைக்குப் போயிருக்கும். குளிர்ந்த பஃபரில், அதாவது அமில-காரநிலை மாறாத உப்புக்கரைசலில், தனியாக ஒரு சாறு எடுத்துப் பாருங்கள்.

மழைக்கால்:
குறுக்கே வருகிறேன். எனக்கு மூட்டுவலி. அரைவேக்காட்டில் சாப்பிட்டால்தான் நத்தையின் மருந்துச்சத்து போகாது என்கிறார்களே?

தட்டுக்கழுவி:
வேண்டவே வேண்டாங்க. எலியின் நுரையீரல் புழுவுக்கு நத்தை ஒரு இடைவீடு. அந்தப் புழுக்குஞ்சு மனிதருக்குள் போனால் மூளைக்கு ஏறி மூளையுறை அழற்சி வரும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும்.

நத்தையிலிருந்து மருந்து வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸிக்கோனோடைடு என்ற வலிமருந்துக்கு மூலம் கடலில் வாழும் கூம்பு நத்தையின் நஞ்சு. 25 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு அது. ஆனால் நத்தையைப் பிழிந்து எடுப்பதில்லை, ஆய்வகத்தில் செய்து தண்டுவட நீருக்குள் செலுத்துகிறார்கள். விழுங்கினால் வயிறு அதையும் செரித்துத் தள்ளிவிடும்.

ஓட்டுக்குள்ளே:
வெறும் மெத்தனால் டிஸ்க் வைத்துப் பார்த்தேன். 10 மி.மீ. நல்லவேளை, கைடிடம் காட்டவில்லை. ஃப்ரீசரில் ஆறு நத்தை மிச்சம் இருக்கிறது, சளி எடுக்க அது ஆகுமா?

தட்டுக்கழுவி:
சளிக்கு உயிரோடு இருக்கிற நத்தை வேண்டும். அந்த ஆறையும் பஃபர் சாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை டிஸ்கைக் காயவிடுங்கள்.