50 சிசி விமானத்துக்கு ரிசீவர் கரண்ட்: லைஃப் பேட்டரி ரெண்டை நேரா குத்தினால் போதுமா, பவர் பாக்ஸ் வேணுமா?

#1 புதுச்சிறகு

வணக்கம். கட்டிக்கொண்டிருப்பது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம்: 2.2 மீட்டர் இறக்கை, 50 சிசி ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஏழு சர்வோ (பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்): ஏலரானுக்கு இரண்டு, எலிவேட்டருக்கு இரண்டு (வாலிலேயே), ரடருக்கு இரண்டு ஒன்றாக இணைத்து, த்ராட்டிலுக்கு ஒன்று. த்ராட்டில் தவிர மற்ற ஆறும் 25 கிலோ-செ.மீ. டிஜிட்டல், 7.4 வோல்ட் வரை தாங்கும் என்று உறையில் போட்டிருக்கிறது. த்ராட்டில் சர்வோ 6 வோல்ட் வரைதான்.

திட்டம் இதுதான்: 2எஸ் (இரண்டு செல் தொடராக) 2500 எம்ஏஎச் லைஃப் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி இரண்டு, ஆளுக்கொரு ஸ்விட்ச், இரண்டும் நேராக ரிசீவருக்குள் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி). இது தாராளம் என்று ஒருவர் சொல்கிறார். ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைப்பது) வைத்த பவர் பாக்ஸ் (பேட்டரி கரண்டைச் சர்வோக்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இல்லாமல் இந்த அளவு விமானத்தைத் தூக்கவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

#2 கம்பிக்காரர்

முதல் ஆள் பேச்சைக் கேளுங்க. லைஃப் 2எஸ் நாமினல் 6.6 வோல்ட். சார்ஜரை விட்டு இறங்கும்போது 7.2 இருக்கும், கொஞ்சம் லோடு காட்டினா உடனே 6.6-க்கு இறங்கி அங்கேயே நிக்கும். உங்க ஆறு சர்வோவுக்கும் அது அளவெடுத்த மாதிரி. நடுவுல ரெகுலேட்டர் எதுக்கு? இல்லாத பாகம் கெட்டுப்போகாது.

ரெண்டு பேட்டரி ரெண்டு வழியா வருது. ஒரு வழியில வயர் அறுந்தாலோ, ஸ்விட்ச் போனாலோ, பிளக் கழண்டாலோ மற்றது தூக்கிக்கும். பெட்ரோல் எஞ்சின் அதிர்வுல நடக்கிறது பெரும்பாலும் இந்த மூணுதான்.

#3 இரட்டைப்பாதை

கம்பிக்காரர் சொன்னது வழி அறுபடும் கோளாறுக்கு மட்டும் பொருந்தும். ஒரு பேக்கில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால்? அந்த பேக் 3.3 வோல்ட் ஆகிவிடும். நல்ல பேக் 6.6-இல் இருந்து அதற்குள் கரண்டைத் தள்ளத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே டயோடு இல்லாததால் தடுக்க எதுவும் கிடையாது.

அடுத்து பிளக். ஜே.ஆர். வகை பிளக்கின் பின் தொடர்ச்சியாகத் தாங்குவது 3 ஆம்பியரை ஒட்டித்தான். இரண்டு பிளக் சேர்ந்தால் 6. இவருடைய சர்வோ ஒவ்வொன்றும் ஸ்டாலில் (சுற்ற முடியாமல் நிற்கும்போது) 4 ஆம்பியர் என்று வைத்தாலும் ஆறுக்கு 24. "எல்லாமே ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகாது" என்று வழக்கமான பதில் வரும். ஆனால் நின்ற மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுப்பது ஸ்டால் கரண்டைத்தான். ஸ்னாப் ரோலில் (விமானம் சட்டென்று உருளும் சாகசம்) ஏலரான், எலிவேட்டர், ரடர் மூன்றும் ஒரே கணத்தில்தான் கிளம்புகின்றன.

பவர் பாக்ஸில் சர்வோ கரண்ட் ரிசீவரின் மெல்லிய பின் வரிசை வழியே போவதில்லை. பேட்டரி எம்பிஎக்ஸ் அல்லது எக்ஸ்டி60 கனெக்டரில் வந்து தடித்த தாமிரப் பாதையில் பிரிகிறது. ரிசீவரிடமிருந்து சிக்னல் மட்டும்.

#4 கம்பிக்காரர்

சரி, கணக்காவே பேசுவோம். ஒரு பேட்டரி வழியில பேக்கோட உள்தடை, 30 செ.மீ. 22 கேஜ் வயர், ஸ்விட்ச், பிளக் எல்லாம் சேர்த்து 80 மில்லி ஓம்னு வைங்க. ரெண்டும் இணையா வந்தா 40. நீங்க சொல்ற ஸ்னாப் ரோல்ல 20 ஆம்பியர் இழுத்தா 0.8 வோல்ட் இறங்கும், பஸ்ல (எல்லா சர்வோவுக்கும் போற பொது வழி) 5.8. ஒரு வழி அறுந்த நிலையில அதே 20 இழுத்தா 1.6 இறங்கி 5.0. ரிசீவர் ரீசெட் ஆகறது 3.5 பக்கத்துல. இன்னும் ஒன்றரை வோல்ட் கையில இருக்கு. இந்த உச்சமும் சில மில்லி செகண்டுதான். பின் சூடாக நேரமே கிடையாது. இந்த அளவு விமானம் பத்து நிமிஷப் பறப்புக்குச் சாப்பிடறது 250 எம்ஏஎச் சுமார், அதாவது சராசரி 1.5 ஆம்பியர்.

இப்ப உங்க ஷார்ட் செல். 3.3 வோல்ட் வித்தியாசம், சுத்துல 160 மில்லி ஓம், ஓடறது 20 ஆம்பியர். பஸ்ல அப்பவும் 5 வோல்ட் பக்கம் நிக்கும். நல்ல பேக் காலியாக ஏழு நிமிஷம். இறக்கிடலாம்.

#5 இரட்டைப்பாதை

3 ஆம்பியர் பின்னில் 20 ஆம்பியரை ஏழு நிமிடம் ஓட்டுவீர்களா? பேட்டரி காலியாகும் முன் பிளக்கின் பிளாஸ்டிக் இளகிவிடும். சிறிய ஸ்லைடு ஸ்விட்சின் உள்தகடு அதற்கும் முன்னால் போகும்.

#6 கம்பிக்காரர்

போகட்டுமே. ஸ்விட்ச் எரிஞ்சு திறந்துகிட்டா கெட்ட பேக் தானா கழண்டுபோச்சு :)

விளையாட்டு இருக்கட்டும், அந்த இடத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. எரியப்போறது கெட்ட பேக்கோட வழியா, நல்ல பேக்கோட வழியான்னு யாரும் முன்கூட்டி சொல்ல முடியாது. ஆனா லைஃப் செல் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகறது அபூர்வம். அந்த அபூர்வத்துக்காக, எல்லா கரண்டும் போற வழியில ஒரே ஒரு சர்க்யூட் போர்டை வைக்கச் சொல்றீங்க. அதுல ஒரு சால்டர் விட்டா?

#7 வால்சர்வோ

ரெண்டு பேரும் மூக்குப் பக்கமே நிக்கிறீங்க. எலிவேட்டர் சர்வோ வால்ல இருக்குன்னு அவர் முதல் பதிவுலயே எழுதியிருக்கார். அங்க போற 90 செ.மீ. எக்ஸ்டென்ஷன் என்ன வயர்னு யாராவது கேட்டீங்களா?

போக வர 1.8 மீட்டர். 26 கேஜ்ல சுமார் 0.24 ஓம், 4 ஆம்பியர்ல ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போயிடும். 22 கேஜ்ல 0.38 வோல்ட், 20 கேஜ்ல 0.24. பவர் பாக்ஸ் எவ்வளவு சுத்தமா 6 வோல்ட் குடுத்தாலும் 26 கேஜ் வயர் முனையில சர்வோ 5 வோல்ட்தான் பார்க்கும். உறையில எழுதின 25 கிலோ அங்க இல்ல. வாலுக்கு 20, இறக்கைக்கு 22. மெல்லிசா, விலை மலிவா வர ரெடிமேட் எக்ஸ்டென்ஷனை வெட்டி உள்ள எத்தனை இழைன்னு பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுங்க.

இணைப்புல பிளக்கைச் சும்மா குத்தி விடாதீங்க. பிளாஸ்டிக் கிளிப், இல்லேன்னா மெழுகு நூல் சுத்தி ஹீட் ஷ்ரிங்க். வயர் ஃபார்மர் (உடலோட குறுக்குப் பலகை) துளை வழியா போற இடத்துல ரப்பர் குரோமெட் போடணும். பிளைவுட் விளிம்பு அதிர்வுல அரம் மாதிரி அறுக்கும்.

அப்புறம் ரடர். ஒரே தண்டுல ரெண்டு சர்வோ கட்டினா, நடுவுலயும் ரெண்டு கடைசியிலயும் ரெண்டும் ஒரே இடத்துக்கு வரணும். வரலேன்னா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே நிக்கும். பேட்டரி வழியில ஆம்பியர் மீட்டர் போடுங்க. எல்லா ஸ்டிக்கும் நடுவுல இருக்கும்போது மொத்தம் 0.3 ஆம்பியர் அளவுல இருந்தா சரி. ஒரு ரடர் சர்வோவோட தண்டைக் கழட்டினதும் கரண்ட் சட்டுனு விழுந்தா அதுங்க மல்லுக்கட்டுதுன்னு அர்த்தம்.

#8 புதுச்சிறகு

மிக்க நன்றி. த்ராட்டில் சர்வோவை என்ன செய்வது? லைஃப் நேராகப் போனால் அதற்கு 6.6 வந்துவிடுமே. இக்னிஷனுக்கு (எஞ்சினுக்குப் பொறி தருவது) தனி பேட்டரி வேண்டுமா, இதிலிருந்தே எடுக்கலாமா?

#9 இரட்டைப்பாதை

நேரடி முறையில் த்ராட்டில் வயரில் மட்டும் ஒரு சின்ன ஸ்டெப்-டவுன் போட வேண்டும். ஆக "இல்லாத பாகம் கெட்டுப்போகாது" என்ற வாதம் அங்கேயே ஒரு பாகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ரெகுலேட்டரை 6.0-வில் வைத்தால் ஏழு சர்வோவும் ஒரே வோல்டேஜில் ஓடும்.

போர்டு பற்றிய கேள்விக்கு: நல்ல பவர் பாக்ஸில் ஆளுக்கொரு ரெகுலேட்டர், ஆளுக்கொரு எலக்ட்ரானிக் ஸ்விட்ச் என்று உள்ளேயே இரண்டு வழி உண்டு. அந்த ஸ்விட்சின் தன்மையையும் கவனியுங்கள். வெளியே தெரியும் பட்டனோ பின்னோ அணைக்கும் கட்டளையை மட்டும் தருகிறது. அதன் வயர் அறுந்தால் விமானம் "ஆன்" நிலையிலேயே நிற்கும். மெக்கானிக்கல் ஸ்லைடு ஸ்விட்சில் நேர்மாறு: தகடு தளர்ந்தால் கரண்ட் நிற்கும். புகைபோக்கி பக்கம் பொருத்தி எண்ணெய் குடித்த ஸ்விட்ச் இன்னும் மோசம்.

லைஃபுக்கு இன்னொரு குறை உண்டு. அதன் வோல்டேஜ் கோடு நடுவில் தட்டை. 80 சதவீதம் மிச்சமா 30 சதவீதமா என்று மீட்டர் வைத்துச் சொல்ல முடியாது. லைப்போவோ லி-அயானோ என்றால் வோல்டேஜ் படிப்படியாக இறங்கி எச்சரிக்கும்.

#10 கம்பிக்காரர்

தட்டைக் கோடு எனக்குக் குறையாத் தெரியல. முதல் பறப்புக்கும் அஞ்சாவது பறப்புக்கும் சர்வோ வேகம் மாறாது. மிச்சத்தை வோல்ட்மீட்டர்ல தேடினாத்தான் சிக்கல். ஒரு பறப்பு முடிச்சு திரும்ப சார்ஜ் போட்டு எத்தனை எம்ஏஎச் ஏறுதுன்னு பாருங்க. பறப்புக்கு 250 ஏறினா, 5000-ல அஞ்சு பறப்புக்கு 1250, பேக்குக்கு 625. நிறுத்திக்கோங்க. எந்த நேரத்துல ஒரு பேக் செத்தாலும் மற்றது தனியா ஒரு முழுப் பறப்பை முடிக்கணும். அதுக்கு இது தாராளம். ரெண்டு பேக்குக்கும் ஏறின அளவுல பெரிய வித்தியாசம் வந்தா அதுதான் முதல் அறிகுறி: ஒரு வழியில தடை ஏறியிருக்கு. இந்தச் சோதனைக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்.

லைப்போவுல லீனியர் ரெகுலேட்டர் (மிஞ்சின வோல்டேஜைச் சூடாக்கிக் கழிக்கிற வகை) போட்டா 8.4-ஐ 6 ஆக்க 2.4 வோல்ட்டை வெப்பமா கொட்டணும். 10 ஆம்பியர்ல 24 வாட். பெட்டியை வெல்க்ரோ பஞ்சு மேல ஒட்டி மூடி வச்சா அந்தச் சூடு எங்க போகும்?

#11 இரட்டைப்பாதை

10 ஆம்பியர் உச்சம். சராசரி 1.5 என்று #4-இல் நீங்களே எழுதினீர்கள், 3.6 வாட்தான். காற்று படும் இடத்தில், பக்கப்பலகையில் ரப்பர் குரோமெட் மேல் திருகிப் பொருத்தினால் சிறிய ஹீட் சிங்க் சமாளிக்கும். பஞ்சில் பொதியக் கூடாது என்பது சரி.

இதையும் சொல்லிவிடுகிறேன், நான் லைஃபுக்கு எதிரி இல்லை. லைஃப் இரண்டு, ரெகுலேட்டர் இல்லாத பெட்டி, உள்ளே ஒரு பேக்கிலிருந்து மற்றதற்குள் கரண்ட் போகாதபடி மாஸ்ஃபெட் வகைத் தடுப்பு. சாதா ஷாட்கி டயோடு 0.3 முதல் 0.5 வோல்ட் தின்னும், மாஸ்ஃபெட் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தின்னாது. ஷார்ட் செல் பிரச்சினை போயிற்று, பிளக் பிரச்சினையும் போயிற்று.

#12 கம்பிக்காரர்

இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். எக்ஸ்டி60 மாதிரி தடித்த பவர் கனெக்டர் ரிசீவர்லயே வந்தா அதுவும் பாதி வேலையை முடிச்சிடும். 100 சிசி, பத்து சர்வோன்னா நானும் பெட்டின்னுதான் சொல்வேன். 50 சிசிக்கு இன்னும் என் ஓட்டு நேரடிதான்.

#13 வால்சர்வோ

இக்னிஷன் கேள்வியை யாரும் தொடலையே. தனி பேட்டரி. எஞ்சின் பக்கம், ஃபயர்வாலை (எஞ்சின் பொருத்தற முன்பலகை) ஒட்டி. இக்னிஷன் பெட்டி, அதோட பேட்டரி, ஸ்விட்ச் மூணும் ஒரு ஊர். ரிசீவர், அதோட பேட்டரி எல்லாம் குறைஞ்சது 30 செ.மீ. பின்னாடி வேற ஊர். ரெண்டுக்கும் நடுவுல போற ஒரே உறவு ஆப்டிகல் கில் ஸ்விட்ச் (ரிமோட்ல இருந்து இக்னிஷனை அணைக்கிறது, நடுவுல ஒளி மட்டும் போகும்). ரிசீவர் பேட்டரியில இருந்தே எடுக்கிற சின்ன ரெகுலேட்டர் வருது, ஒரு பேட்டரி எடை மிச்சம்தான். ஆனா கிரவுண்டு வயர் ரெண்டு பக்கத்தையும் இணைச்சிடும். ஸ்பார்க் பிளக் மூடியோட பின்னல் உறை சரியா உட்காராம இரைச்சல் கிளம்பினா அது நேரா உள்ள நடந்து வரும். த்ராட்டில் தண்டும் நைலானா இருக்கட்டும், உலோகம் வேண்டாம்.

ஆன்டெனா: முனையில உறை உரிஞ்ச 31 மி.மீ.தான் உயிர். அதை மடிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி. பிரதான ரிசீவர் இறக்கைக் குழாய்க்கு முன்னாடி இருந்தா சாட்டிலைட்டை (கூட இணைக்கிற சின்ன துணை ரிசீவர்) பின்னாடி வைங்க; கார்பன் குழாய், உலோக சைலன்சர், பேட்டரி எல்லாமே சிக்னலுக்குச் சுவர். சைலன்சர் சுரங்கத்துக்கு மேல ரிசீவர் வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், சூடும் சேர்ந்து வரும்.

#14 இரட்டைப்பாதை

இக்னிஷனில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஃபில்டரும் ஆப்டிகல் பிரிப்பும் உள்ள தரமான இக்னிஷன் ரெகுலேட்டர் பலரிடம் பிசகில்லாமல் ஓடுகிறது. ஆனால் முதல் பெட்ரோல் விமானத்துக்குத் தனி பேட்டரியே நல்லது. கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

#15 புதுச்சிறகு

மீட்டர் போட்டுப் பார்த்தேன். ஸ்டிக் நடுவில் 0.9 ஆம்பியர், ஒரு ரடர் தண்டைக் கழற்றினால் 0.3. வலது கடைசியில் 2-க்கு மேல் போகிறது. பெட்டி வாங்கலாம் என்றுதான் நினைக்கிறேன், ரெகுலேட்டர் இல்லாத வகை. பேட்டரி இரண்டையும் எங்கே கட்டுவது? மூக்கு இலேசாக இருக்கிறது.

#16 வால்சர்வோ

முதல்ல ரடர். சர்வோ கையோட பல் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கும், இல்லேன்னா ரெண்டு தண்டோட நீளம் வேற. நடுவை டிரான்ஸ்மிட்டரோட சப்-ட்ரிம்ல (நடுநிலையை நகர்த்தற அமைப்பு) சரிசெய்யாதீங்க, தண்டு நீளத்துல பண்ணுங்க. கடைசியில மிஞ்சறதை சர்வோ புரோகிராமர்லயோ, ரெண்டுக்கும் தனி சேனல் குடுத்து எண்ட்-பாயின்ட்லயோ (கடைசி எல்லையை அமைக்கிறது) எடுங்க. 0.9-ஐ அப்படியே விட்டுட்டு எந்தப் பெட்டி வாங்கினாலும் ரடர் சர்வோ ஒண்ணு வெந்துபோகும்.

#17 கம்பிக்காரர்

மூக்கு இலேசுன்னா நல்லதுதான், ஈயம் கட்ட வேண்டாம். 26650 செல் ஒண்ணு 70–76 கிராம், நாலு செல்லு சேர்ந்து 300 கிராம். எஞ்சின் பெட்டிக்குள்ள பக்கத்துக்கு ஒண்ணா கட்டலாம், இக்னிஷன் பெட்டியை மட்டும் எதிர் மூலைக்குத் தள்ளணும். அது 30 செ.மீ. விதியை மீறுதேன்னு வால்சர்வோ சண்டைக்கு வருவார். வயரை முறுக்கி, ஃபெரைட் வளையம் போட்டு எடுத்துட்டுப் போங்க.

6 மி.மீ. ஸ்பாஞ்சு சுத்தி, பிளைவுட் தட்டுல துளை போட்டு, வெல்க்ரோ பட்டை ரெண்டு. அடியில ஒட்டு வெல்க்ரோ மட்டும் நம்பாதீங்க: 10 ஜி இழுப்புல 150 கிராம் பேக் ஒன்றரை கிலோ ஆகும். ஸ்பாஞ்சு நசுங்கற அளவுக்கு இறுக்கினா அது இருந்தும் இல்லாததும் ஒண்ணுதான்.

#18 வால்சர்வோ

சண்டைக்கு வந்துட்டேன். இக்னிஷன் பேட்டரியை மூக்குல வைங்க, ரிசீவர் பேட்டரியை ஃபயர்வாலுக்குப் பின்னாடி, டேங்குக்கு அடியில. அப்பவும் மூக்கு இலேசா இருந்தா பேட்டரியை நகர்த்தறதுக்கு முன்னாடி கனமான ஸ்பின்னர் ஒண்ணு போட்டுப் பாருங்க. எதைப் பண்ணினாலும் எஞ்சின் ஓடும்போதே ரேஞ்ச் செக். குறைந்த பவர்ல, டிரான்ஸ்மிட்டர் புத்தகத்துல சொன்ன தூரத்துல, ஐடில்லயும் முழு த்ராட்டில்லயும். எஞ்சின் நின்ன நிலையில கிடைச்ச தூரம் ஓடும்போது குறைஞ்சா, பறக்க விடாம இக்னிஷன் பக்கம் போய்த் தேடுங்க. ஃபெயில்சேஃப்ல (சிக்னல் அறுந்தா ரிசீவர் தானா எடுக்கிற நிலை) த்ராட்டில் கீழ போகுதா, கில் ஸ்விட்ச் எஞ்சினை அணைக்குதான்னு அப்பவே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணிப் பாத்துடுங்க. விமானத்தை ஒருத்தர் பிடிச்சிருக்கணும்.