மாநிலப் பல்கலையில் புதுக் கட்டடம்: ஒப்புதல் யாரிடம், பணம் எங்கிருந்து?

வேதியியல்துறை:
வணக்கம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலை ஒன்றில் எங்கள் துறைக்கு மூன்று தளத்தில் ஆய்வகக் கட்டடம் கேட்டிருக்கிறோம். 6 கோடி ஆகும் என்கிறார்கள். துணைவேந்தர் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார். பல்கலையின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டில் தீர்மானம் போட்டதும் டெண்டர் விடலாமா? பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?

எஸ்டேட்பிரிவு:
சிண்டிகேட் தீர்மானம் கடைசிக் கட்டம் சார். அதற்கு முன்னால் கட்டடக் குழுவையும் நிதிக்குழுவையும் கோப்பு தாண்ட வேண்டும். சிக்கல் வருவது நிதிக்குழுவில்தான். பெரும்பாலான மாநிலப் பல்கலைச் சட்டங்களில் அரசின் நிதித்துறைச் செயலரும் உயர்கல்வித்துறைச் செயலரும் அதில் பதவிவழி உறுப்பினர்கள். நிதி ஆதாரம் எது என்று எழுதாத கோப்பு அங்கிருந்து திரும்பிவிடும்.

துறையிலிருந்து வரைபடம் கொடுக்காதீர்கள், தேவையைக் கொடுங்கள். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை மாணவர், எத்தனை ஃப்யூம் ஹுட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு), கேஸ் சிலிண்டர் எங்கே நிற்கும், அமிலக் கழிவு எங்கே போகும், மின்சுமை எத்தனை கிலோவாட். மின்சுமையைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், கட்டி முடித்த கட்டடம் டிரான்ஸ்பார்மருக்காகப் பூட்டிக் கிடக்கும்.

எஸ்டிமேட்டுக்கு முன்பே மண் பரிசோதனை முடிய வேண்டும். அடியில் கரிசல் களி என்று பிறகு தெரிந்து பைல் அடித்தளத்துக்கு (ஆழமாகத் தூண் இறக்குவது) மாறினால், ஒப்புதல் வாங்கிய தொகை தரைமட்டம் எழும்புவதற்குள் தீரும். திருத்திய எஸ்டிமேட்டோடு மறுபடி எல்லாக் குழுக்களையும் சுற்ற வேண்டியதுதான்.

எஸ்டிமேட் நடப்பு ஆண்டின் பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி இருக்க வேண்டும். குழுக்கள் தருவது நிர்வாக ஒப்புதல். விரிவான எஸ்டிமேட்டுக்கு, அந்தத் தொகைக்கு அதிகாரம் உள்ள பொறியாளர் தனியாகத் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் டெண்டர் விட்டால் தணிக்கைத் தடை நிச்சயம்.

நிதிக்கோப்பு:
அந்த 6 கோடி வெறும் கட்டட வேலைக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் ஜிஎஸ்டி 18%, அதாவது 1.08 கோடி. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1%, 6 லட்சம். எதிர்பாராச் செலவுக்கு 2.5% வைத்தால் 15 லட்சம். இதுவே 7.29 கோடி ஆகிவிட்டது. லிஃப்ட், தீயணைப்பு, டிரான்ஸ்பார்மர், மின்வாரிய வைப்புத்தொகை, ஆய்வக மேசைகள் எல்லாம் இதற்கு மேல். கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் ஒப்பந்ததாரருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுச் செலவு.

பணத்துக்கு மூன்று வழி. ஒன்று, பல்கலையின் சொந்த வருவாய்: தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம். ஆனால் ஓய்வூதியச் சுமை அதைத் தின்றுகொண்டிருக்கிறது. வைப்புநிதிப் பட்டியலில் பெரிய தொகை தெரிந்தாலும் ஓய்வூதிய நிதியையும் அறக்கொடை நிதியையும் கழித்துவிட்டுப் பாருங்கள், அவற்றில் கை வைக்கக் கூடாது. அரசின் தொகுப்பு மானியம் சம்பளத்துக்கே போதாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு, திட்ட நிதி. மாநில உயர்கல்விக்கான மத்திய அரசுத் திட்டம் 2013இல் ரூசா என்ற பெயரில் வந்தது, 2023இலிருந்து பிஎம்-உஷா. நம் மாநிலத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. புதுக் கட்டடம், புதுப்பித்தல், கருவி என்று தலைப்பு வாரியாகத்தான் அனுமதி. ஒன்றில் மிஞ்சியதை நாமாக இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. மூன்று, அரசாணை மூலம் தனி ஒதுக்கீடு.

ஹெஃபா (உயர்கல்வி நிதியளிப்பு நிறுவனம்) கடனைச் சிலர் சொல்வார்கள். கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய அது முதன்மையாக மத்திய நிறுவனங்களுக்கானது. ஐஐடி போன்றவற்றுக்குப் பொருந்தும், உங்களுக்கு அல்ல.

வேதியியல்துறை:
மிக்க நன்றி. ஒரே தடவையில் 7 கோடிக்கு மேல் கேட்டால் கிடைக்காது, தளம் தளமாகப் பிரித்து சின்னச் சின்ன டெண்டராக விடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

எம்புக்:
ஒப்புதல் வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே வேலையைப் பிரிக்கவே கூடாது. தணிக்கையாளர் முதலில் தேடுவதே இதைத்தான். நேர்மையான வழி ஒன்று உண்டு: மூன்று தளத்துக்கும் சேர்த்து வடிவமைப்பும் நிர்வாக ஒப்புதலும் வாங்குங்கள். அடித்தளத்தை மூன்று தளச் சுமைக்கே போட்டு, முதற்கட்டமாகத் தரைத்தளத்தையும் முதல் தளத்தையும் கட்டுங்கள். கட்டங்களாகச் செய்வதாகக் கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

டெண்டருக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். 2 கோடிக்கு மேற்பட்ட வேலைக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம், அதற்குள் என்றால் 15 நாள். மார்ச் முடிகிறது என்று இதைச் சுருக்குவதானால், மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விலைப்பேச்சு மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும்தான்.

வேலை தொடங்கியதும் எம்-புக்கை (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) விடாமல் கவனியுங்கள். கம்பி கட்டியதை கான்கிரீட் ஊற்றும் முன்பே அளந்து பதிய வேண்டும், பிறகு யாராலும் பார்க்க முடியாது. மாதிரியாக எடுத்த கான்கிரீட் கட்டிகளின் 7ஆம் நாள், 28ஆம் நாள் சோதனை முடிவு இல்லாமல் பில் போகக் கூடாது.

எஸ்டேட்பிரிவு:
திட்ட அனுமதியை மறந்துவிட்டோம். பல்கலை அரசுத்துறை அல்ல, நகர ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னையில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வேண்டும். உயரம் 18.30 மீட்டருக்குள் என்றால் உயரமில்லாக் கட்டட வகை, உங்களுடையது அதில் வரும். நிலம் பல்கலை பெயரில் பட்டாவாக இருக்கிறதா, புறம்போக்கு ஏதும் கலந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. கல்விக் கட்டடங்களுக்குத் தந்த விலக்கை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நிதிக்கோப்பு:
திட்ட நிதி என்றால் இன்னொன்று. முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. பொதுப்பணித்துறையிடம் வைப்புப் பணியாக (பணத்தை முன்கூட்டியே கட்டி, அவர்களே கட்டித் தருவது) கொடுத்தால், பணத்தைக் கட்டியதையே செலவாகக் காட்டும் பழக்கம் உண்டு, அது செல்லாது. நடந்த வேலைக்கான செலவுக் கணக்கை அவர்களிடம் மாதந்தோறும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.