ஊரகப் பொதுச் சேவைகளை விரிவாக்கும்போது மக்களின் கருத்தை எவ்வாறு கேட்பது?

கேள்வி:
ஒரு சிற்றூரில் பேருந்து, மருத்துவம், குடிநீர், நூலகம் போன்ற சேவைகளை விரிவாக்குவதற்கு முன் அங்கு வாழ்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பொதுக்கூட்டத்திற்கு வந்து பேசுபவர்கள் பெரும்பாலும் சொந்த வாகனமும் ஓய்வு நேரமும் உள்ளவர்களே. பேருந்தை நம்பி வாழ்பவர்களுக்கோ, அது இல்லாத காரணத்தாலேயே கூட்டத்திற்கு வர முடியாமல் போகிறது. இப்படித் திரட்டப்படுவதை ஊரின் கருத்தென்று ஏற்கலாமா? வேறு எவ்வகையில் கேட்கலாம்?

மறுமொழி 1:
ஏற்கக் கூடாது. வீடு வீடாகச் சென்று கேட்பதோடு, கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் முன்பு பேசியவர் சொன்னதையே பலரும் சொல்வார்கள்; ‘கடைசியாக மருத்துவரைப் பார்க்க எப்படிச் சென்றீர்கள், அதற்காக எந்த வேலையை விட்டீர்கள், போக முடியாமலே விட்டதுண்டா?’ என்று கேட்டால்தான் உண்மையான தேவை வெளிப்படும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து குடிநீர் வசதியைக் கணக்கிடும் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. பாதுகாப்பான அமைப்புடைய நீராதாரம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்துப் போய்வர 30 நிமிடங்களுக்கு மேல் ஆகக் கூடாது என்பதையும் அடிப்படைச் சேவைக்கான அளவுகோலாக அது கொள்கிறது. தண்ணீர் சுமப்பவரை விட்டுவிட்டுக் குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் அந்த நேரம் கணக்கில் சரியாக வராது.

மறுமொழி 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆயினும் அதில் செலவு பற்றிய பேச்சே இல்லை. கட்டடம் எழுப்புவது ஒருமுறைச் செலவு. ஊதியமும் பராமரிப்பும் ஆண்டுதோறும் தொடர்பவை. வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதிகளில் ஒருவருக்கு ஆகும் செலவு நகரத்தைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. இதை முன்கூட்டியே விளக்காமல் கருத்துக் கேட்டால், மக்கள் கட்டடத்தைக் கேட்பார்கள், அதுவும் கிடைக்கும், உள்ளே பணியாளர் இருக்கமாட்டார். ஊரகங்களில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த பரிந்துரைகள், ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்ப்பதையும் பணியாளரின் வாழ்க்கை வசதிகளை மேம்படுத்துவதையும் சேர்த்தே வலியுறுத்துகின்றன. ஆகவே, மருத்துவ நிலையம் வேண்டுமா என்று கேட்கும்போதே செவிலியர் தங்க இடம் எங்கே என்பதையும் கேட்க வேண்டும். அதற்கு வழியில்லாத இடங்களில் நடமாடும் மருத்துவ ஊர்தியே பொருத்தமானது என்பேன்.

மறுமொழி 3:
நடமாடும் ஊர்தி பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குறித்த நாளில் அது வராவிட்டால், நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் முதியவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க நேரும். எனவே, செலவுக் குறைவை மட்டும் காட்டி ஒப்புதல் பெறாமல், வராத நாளுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்பதையும் சொல்லிவிட்டுக் கருத்துக் கேட்பதே நேர்மை. இணையவழி விண்ணப்பத்திற்கும் இது பொருந்தும். அலைபேசித் தொடர்பு கிடைக்காத வீடுகளைக் கேட்காமல் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பம் பெறும் சாளரத்தை மூடக் கூடாது. கேட்ட பிறகு எது ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை எல்லோரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும். பதில் கிடைக்காத மக்கள் அடுத்த முறை கருத்துச் சொல்ல முன்வருவதில்லை.