நெட்வொர்க் பாக்கெட் தலைமாட்டுல இடம் விட மறந்து மாட்டின கதைகள், உங்களுதையும் சொல்லுங்க

கோவை கெர்னல்காரன்:

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் வந்து, அண்ணே டிரைவர்ல எஸ்கேபி ரிசர்வ்னு ஒரு வரி இருந்துச்சு, எடுத்துப் பார்த்தேன் அப்பவும் ஓடுது, அது எதுக்கு சும்மா கிடக்குன்னு கேட்டான். பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்கின அடி அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அவன்கிட்ட சொன்னதை இங்கயும் போடுறேன், இதுல சிக்கினவங்க நான் மட்டும் இல்லைன்னு தெரியும், அவங்கவங்க கதையை எடுத்து விடுங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லினக்ஸ் கெர்னல்ல ஒரு பாக்கெட்னா அது எஸ்கே பஃப்னு ஒரு ஸ்ட்ரக்ச்சர், அதுல மெமரி இடத்தைக் காட்டுற ஹெட், டேட்டா, டெய்ல், எண்டுன்னு நாலு பாயிண்டர் இருக்கும். ஹெட்டும் எண்டும் பஃபரோட ரெண்டு முனை, டேட்டாவும் டெய்லும் அதுக்குள்ள இருக்கிற பாக்கெட்டோட ரெண்டு முனை. அனுப்புற பக்கம் பாக்கெட்டை கெர்னல் தலைகீழா எழுதும், முதல்ல உள்ளே இருக்கிற விஷயம், அப்புறம் அதுக்கு முன்னாடி டிசிபி ஹெட்டர், அதுக்கும் முன்னாடி ஐபி, கடைசியா எல்லாத்துக்கும் முன்னாடி ஈதர்நெட். லெட்டர் முழுசா எழுதி முடிச்சிட்டு மேல பிள்ளையார் சுழி போடுறவன் மாதிரின்னு வச்சுக்கோங்க, பேப்பர்ல மேல இடம் விட்டிருந்தா தான் போட முடியும், இல்லைன்னா மொத்த லெட்டரையும் வேற பேப்பர்ல காப்பி எடுக்கணும். அதனால பஃபர் வாங்கின உடனே டேட்டா, டெய்ல் ரெண்டு பாயிண்டரையும் கொஞ்சம் தள்ளி வச்சிடுவாங்க, அதான் எஸ்கேபி ரிசர்வ், முன்னாடி கிடைக்கிற அந்தக் காலி இடம்தான் ஹெட்ரூம். ஒண்ணும் எழுதாது, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற வேலை. அப்புறம் ஒவ்வொரு லேயரும் எஸ்கேபி புஷ் போட்டு டேட்டா பாயிண்டரை ஹெட் பக்கம் இழுத்து தன் ஹெட்டரை எழுதிக்கும். டேட்டா போய் ஹெட்டைத் தாண்டிடுச்சுன்னா எஸ்கேபி அண்டர் பேனிக், அவ்ளோதான், மிஷின் படுத்துடும்.

இப்ப என் கதை. ஒரு சின்ன கம்பெனி, பேரு வேணாம், ரவுட்டர் போர்டு பண்ணிட்டு இருந்தோம். அதுல இருந்த ஸ்விட்ச் சிப்புக்கு ஒவ்வொரு ஃபிரேம் முன்னாடியும் 2 பைட் டேக் வேணும், எந்த போர்ட்டுக்குப் போகணும்னு சொல்றதுக்கு. நான் டிரான்ஸ்மிட் ஃபங்ஷன்ல நேரா எஸ்கேபி புஷ் 2ன்னு போட்டேன், இடம் இருக்கான்னு ஒரு செக் கிடையாது. மூணு வருஷம் ஓடுச்சு சார், ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல, எனக்கே அந்தக் கோட் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. அப்புறம் சிப்பை மாத்தினாங்க, டேக் 4 பைட் ஆச்சு, நானும் 2ஐ 4ஆ மாத்தி அனுப்பினேன், ரிவ்யூ பத்து செகண்ட்ல முடிஞ்சுது. போர்டு பூட் ஆச்சு, கேபிள் சொருகினோம், லிங்க் வந்துச்சு, முதல் ஏஆர்பி பாக்கெட் (இந்த ஐபி யாரோடதுன்னு நெட்வொர்க்ல கேட்கிறது) வெளிய கிளம்பின அந்த நொடி சீரியல் கன்சோல் முழுக்க பேனிக். புட் 4ன்னு, அதாவது 4 பைட் புஷ் பண்ணப் பார்த்தேன்னு போட்டிருக்கு, டேட்டா அட்ரஸ் ஹெட்டை விட சரியா 2 கம்மி.

ஏன் 2 பைட் டேக் மட்டும் மூணு வருஷம் ஓடுச்சுன்னு பார்க்கப் போய் தான் சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு. ஏஆர்பி, யுடிபி மாதிரி ஆட்கள் பஃபர் வாங்குறப்ப டிவைஸுக்கு எவ்ளோ ஹெட்டர் வேணும்னு எல்எல் ரிசர்வ்ட் ஸ்பேஸ்னு ஒரு மேக்ரோவை கேட்பாங்க, அது 16ஓட அடுத்த மடங்குக்கு ஏத்தும், ஈதர்நெட்டோட 14ஐ 16ஆ ஏத்திக் கொடுக்கும். மிச்சம் 2. அந்த ஓசி 2 பைட்லதான் என் டேக் குடும்பம் நடத்திட்டு இருந்திருக்கு!

சரியான வழி, டிவைஸ் ரிஜிஸ்டர் பண்றப்பவே நீடட் ஹெட்ரூம் = 4ன்னு சொல்லிடணும். 2008லயே வந்துடுச்சு அந்த ஃபீல்டு, வயர்லெஸ்காரங்க தேவைக்காக வந்தது, எனக்குத்தான் தெரியல. அதைச் சொன்னதும் கணக்கு 14ம் 4ம் சேர்ந்து 18, மேக்ரோ அதை 32 ஆக்கிடும், தாராளமா இடம். அதோட புஷ்ஷுக்கு முன்னாடி, இடம் பத்தலைன்னா புது பஃபர் எடுத்துக் கொடுக்கிற எஸ்கேபி கவ் ஹெட் ஒண்ணு கூப்பிடணும், ஏன்னா எல்லாரும் நாம சொன்னதை கேட்டு இடம் விடுவாங்கன்னு இல்ல.

ராத்திரி ஷிஃப்ட்:

அந்த 2 பைட் ஓசியில கிடந்ததுன்னு சொன்னீங்களே அண்ணே, அதுவும் ஓசி இல்ல. பக்கத்து மிஷின் அட்ரஸை ஞாபகம் வச்சிருக்கிற நெய்பர் கேஷ்ல ஈதர்நெட் ஹெட்டரை ரெடியா வச்சிருப்பாங்க, அதை 14 பைட்டா காப்பி பண்ணாம 16ஆ ஒரே வீச்சுல காப்பி பண்ணுவாங்க, அது வேகம். அப்ப அந்த முதல் 2 பைட்ல குப்பை எழுதும். நீங்க அதுக்கப்புறம் டேக் எழுதினதால தப்பிச்சீங்க, வரிசை மாறியிருந்தா மூணு வருஷம் இல்ல மூணு நிமிஷம் கூட தாங்கியிருக்காது.

கோவை கெர்னல்காரன்:

அட ஆமா. மரியாதை இன்னும் கொஞ்சம் குறைஞ்சுது 😅

புதுப்பையன்2:

அண்ணா ஒரு டவுட், தப்பா நினைக்காதீங்க. எல்லா பாக்கெட்லயும் முதல்லயே 512 பைட், ஏன் 1000 பைட்டே விட்டுட்டா என்ன, மெமரி இப்போ சீப்தானே?

எக்ஸ்டிபி பைத்தியம்:

தம்பி இதே கேள்வியை நான் டிசைன் மீட்டிங்ல கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால நானே சொல்றேன். ரிசீவ் பக்கம் நிறைய டிரைவர் 4096 பைட் பேஜை ரெண்டா வெட்டி ஆளுக்கு 2048னு ஓட்டும். பாக்கெட்டை டிரைவர்லயே பிடிச்சு வேகமா கையாளுற எக்ஸ்டிபி வந்தப்ப, அதுல நாம ஏத்துற பிபிஎஃப் ப்ரோக்ராம் முன்னாடி ஹெட்டர் ஒட்டணும்னா இடம் வேணுமேன்னு 256 பைட் ஹெட்ரூம்னு வச்சாங்க. பஃபர் கடைசில ஷேர்ட் இன்ஃபோன்னு ஒரு ஸ்ட்ரக்ச்சர் உட்காரும், 64 பிட் பிசில அது 320 பைட். கணக்கு போடு, 2048ல 256 போச்சு, 320 போச்சு, மிச்சம் 1472. ஒரு சாதா ஈதர்நெட் ஃபிரேம் 1514. உள்ளயே போகாது! அப்ப என்ன பண்ணணும், ஒரு பாக்கெட்டுக்கு முழு பேஜ் கொடு, இல்ல பெரிய பேஜா வாங்கு, இல்ல ஹெட்ரூமை 192ஆ குறைச்சு 1536ல பதுங்கு. நாங்க எம்டியூ (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) 1500, எக்ஸ்டிபி ரெண்டும் வேணும்னு முழு பேஜ் கொடுத்தோம், ரிங் மெமரி டபுள் ஆச்சு, கேஷ் அடி வாங்குச்சு, ஸ்பீடு ஏத்த வந்த எக்ஸ்டிபியால ஸ்பீடு இறங்குச்சு, மேனேஜர் முகத்தை நீ பார்த்திருக்கணும். நீ கேக்குற 1000 பைட்டை எங்க வைப்ப சொல்லு.

இன்னொண்ணு, 512ன்னு சொன்னியே, கெர்னல்லயே அந்த நம்பருக்கு ஒரு கதை இருக்கு. ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வச்சு அனுப்புற ஐபி டனல் டிவைஸ் தனக்கு வேணுங்கிற ஹெட்ரூமை அனுபவத்துல கத்துக்கும், பாக்கெட் போறப்ப பத்தலைன்னா தன் நீடட் ஹெட்ரூமை ஏத்திக்கும். ரெண்டு டனலை ஒண்ணு வழியா ஒண்ணு போற மாதிரி சுத்தி விட்டா அது இதைப் பார்த்து ஏத்தும், இது அதைப் பார்த்து ஏத்தும், முடிவே இல்ல. ஹெட்ல இருந்து ஹெட்டர் எவ்ளோ தூரம்ங்கிறதை 16 பிட்லதான் வச்சிருக்காங்க, அது நிரம்பி சுத்தி வந்துடும், அப்புறம் கெர்னல் கண்ட இடத்துல படிக்கும். 2024ல தான் இதுக்கு 512னு உச்சவரம்பு போட்டு நிறுத்தினாங்க.

புதுப்பையன்2:

சரிண்ணா புரிஞ்சுது, கேட்டது தப்புதான்

எக்ஸ்டிபி பைத்தியம்:

தப்பே இல்ல, கேளு.

மிப்ஸ் மணி:

என்னோடது கிராஷ் இல்ல, ஸ்லோ. கிராஷே மேல்னு தோண வச்ச ஸ்லோ. பழைய மிப்ஸ் சிபியு ரவுட்டர் ஒண்ணுக்கு ரிசீவ் டிரைவர் எழுதினேன், பிசில டெஸ்ட் பண்ணினப்ப நல்லா ஓடின அதே லாஜிக் போர்டுல நொண்டுது, சிபியு 100ல நிக்குது. ரெண்டு நாள் டிஎம்ஏவை (சிப் நேரா மெமரில எழுதுறது) சந்தேகப்பட்டேன், இன்டரப்டை சந்தேகப்பட்டேன், கடைசில ஹார்டுவேர் டீம் ஆளை சந்தேகப்பட்டு சண்டையே வந்துடுச்சு. விஷயம் என்னன்னா ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட், அது 4ஆல வகுபடாது, பஃபர் நேரா இருந்தா ஐபி ஹெட்டர் 14ல ஆரம்பிக்கும், ஐபி அட்ரஸ் எல்லாம் கோணலா உட்காரும். பிசில இருக்கிற எக்ஸ்86 அதை கண்டுக்காது, மிப்ஸ் ஒவ்வொரு தடவையும் டிராப் அடிச்சு கெர்னலை எழுப்பி இதை நீயே படிச்சுக் கொடுன்னு சொல்லும். ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை டிராப்னு எண்ணிப் பாருங்க. முன்னாடி வெறும் 2 பைட் ரிசர்வ் பண்ணினா 14ம் 2ம் 16, எல்லாம் நேராகிடும். நெட் ஐபி அலைன்னு அதுக்குத்தான் பேரு.

கூத்து என்னன்னா எக்ஸ்86ல அந்த மதிப்பு 0, அங்க கோணலா படிக்கிறதை விட கோணலான அட்ரஸுக்கு டிஎம்ஏ பண்றது தான் செலவு. அதனால என் பிசி டெஸ்ட்ல இது தெரியவே வாய்ப்பில்ல. இன்னொரு கூத்து, சில சிப்போட டிஎம்ஏ 4ஆல வகுபடுற அட்ரஸ் மட்டும்தான் வாங்கும், அங்க 2 பைட் தள்ளவே முடியாது. ரவுட்டர்களுக்கான லினக்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டில, ஏடிஹெச்79ங்கிற மிப்ஸ் சிப் போர்டுகளுக்குன்னு அன்அலைன்ட் அக்சஸ் ஹேக்ஸ்னே ஒரு பேட்ச் வச்சிருக்காங்க, பேர்லயே ஹேக்ஸ்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அந்த நேர்மை பிடிச்சிருக்கு.

அந்த ஹார்டுவேர் ஆள்கிட்ட அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்பு கேட்டேன்.

டாங்கிள் தாஸ்:

முதல் பதிவுல எஸ்கேபி கவ் ஹெட்டை கடைசி வரில போற போக்குல சொல்லிட்டீங்க, என் கதை முழுக்க அதுலதான். யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள் டிரைவர் எழுதினேன், இந்த டாங்கிளுங்க ஃபிரேம் முன்னாடி நீளம் அது இதுன்னு தன் சொந்த ஹெட்டர் கேட்கும், எங்களுக்கு 8 பைட். நான் ஒழுங்கான ஆள், செக் பண்ணித்தான் போட்டேன், ஹெட்ரூம் 8க்கு மேல இருந்தா புஷ், இல்லைன்னா காப்பி எடுத்து புஷ். ரிவ்யூல பாராட்டு வேற.

ஒரு கஸ்டமர் அந்த டாங்கிளையும் ஒரு டனல் இன்டர்ஃபேஸையும் பிரிட்ஜ்ல (ரெண்டையும் ஒரே நெட்வொர்க்கா இணைக்கிறது) போட்டு வச்சிருந்தார். ஒருத்தருக்கு மட்டும் போற யூனிகாஸ்ட் எல்லாம் அருமையா போகுது, ஐபி அட்ரஸ் வாங்குற டிஹெச்சிபி மட்டும் சில நேரம் கிடைக்காது, ஏஆர்பி சில நேரம் காணாம போகும். பத்துல ஒண்ணு. எங்க ஆபீஸ்ல வரவே இல்ல. அவர் போன் பண்றப்பெல்லாம் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்’னு சொல்லி சொல்லி எனக்கே கூச்சமா போச்சு.

ஒரு மாசம் கழிச்சு பிடிபட்டுது. டிஹெச்சிபி, ஏஆர்பி மாதிரி எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் வந்தா பிரிட்ஜ் அதை ரெண்டு போர்ட்டுக்கும் அனுப்பணும், அப்ப பாக்கெட்டை முழுசா காப்பி எடுக்காது, குளோன் பண்ணும். குளோன்னா பாயிண்டர் வச்சிருக்கிற ஸ்ட்ரக்ச்சர் தான் ரெண்டு, பஃபர் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பார்க்கிறப்ப ஹெட்ரூம் இருக்கு, ஆனா அது ஒரே ஹெட்ரூம்! நான் என் 8 பைட்டை எழுதி யுஎஸ்பில வரிசையில விட்டுட்டு திரும்புறதுக்குள்ள டனல் அதே இடத்துல தன் ஹெட்டரை எழுதிட்டுப் போயிடும், டாங்கிள் படிக்கிறப்ப நீளம் இருக்க வேண்டிய இடத்துல வேற என்னமோ இருக்கும், ஃபிரேமை தூக்கிப் போட்டுடும். ஒரே சீட்டுல ரெண்டு பேர் துண்டு போட்ட கதை. இடம் இருக்கான்னு கேட்டேன், அது என் இடமான்னு கேட்கல. எஸ்கேபி கவ் ஹெட் ரெண்டையும் கேட்கும், இடம் பத்தலைன்னாலும் குளோனா இருந்தாலும் புது பஃபர் எடுத்துக் கொடுத்துடும்.

மனசு கொஞ்சம் ஆறினது எப்பன்னா, இதே தப்பு மெயின்லைன் கெர்னல்ல ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா பல யுஎஸ்பி ஈதர்நெட் டிரைவர்ல இருந்து 2017 ஏப்ரல்ல ஒரே மூச்சுல சரி பண்ணினாங்கன்னு பார்த்தப்ப தான். அப்போ ராஸ்ப்பெர்ரி பைல ஈதர்நெட்டுக்கு இருந்த எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் டிரைவரும் அந்த லிஸ்ட்ல உண்டு.

ராத்திரி ஷிஃப்ட்:

தாஸ் சார் சொன்ன மருந்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு, நான் அதுல மாட்டினேன். ஃபங்ஷன் ஆரம்பத்துல ஐபி ஹெட்டர் பாயிண்டரை ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுக்கிட்டேன், நடுவுல எஸ்கேபி கவ் ஹெட், அப்புறம் பழைய வேரியபிள்லயே டிடிஎல் படிச்சேன். கவ் ஹெட் புது பஃபர் எடுத்துட்டா பழைய இடம் ஃப்ரீ ஆகியிருக்கலாம், வீட்டை காலி பண்ணிட்டுப் போனவங்க கதவைத் தட்டிட்டு நிக்கிற மாதிரி. மெமரி தப்பைப் பிடிக்கிற கேசன் ஆன் பண்ணி ஓட்டினதும் முதல் நிமிஷமே கத்துச்சு. கேசன் இல்லாம அது ஃபீல்டுல ஏழு மாசம் இருந்துச்சு.

பழைய பிஎஸ்டி ஆள்:

தம்பிங்களா, ஃப்ரீபிஎஸ்டி பக்கம் இருந்து ஒண்ணு. எங்க ஊர் வழக்கம் வேற. எம்பஃப்னு சின்ன சின்ன பெட்டி, 4.3பிஎஸ்டி காலத்துல ஒண்ணு 128 பைட், அதுல 112 தான் டேட்டாவுக்கு, இப்போ 256. ஐபி லேயர் முன்னாடி மேக்ஸ் லிங்க் ஹெட்டர் அளவுக்கு இடம் விடும், அது பத்தலைன்னா பேனிக் எல்லாம் ஆகாது, எம் ப்ரிபெண்ட் மேக்ரோ ரயிலுக்கு இன்ஜின் பக்கம் ஒரு பெட்டி சேர்க்கிற மாதிரி முன்னாடி புது எம்பஃப் கோத்து விட்டுடும். நல்ல ஏற்பாடுன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன்.

என் டிரைவர் ஈதர்நெட் ஹெட்டரும் ஐபி ஹெட்டரும் ஒரே பெட்டில இருக்கும்னு நம்பி நேரா 14 தள்ளி ஐபியை படிச்சுது. டனல் போட்ட அன்னைக்கு ஈதர்நெட் ஒரு பெட்டி, ஐபி அடுத்த பெட்டி. எம் புல்லப் போட்டு சேர்த்துப் படிக்கணும், போடல. இன்னொண்ணு, பெட்டி கிடைக்கலைன்னா எம் ப்ரிபெண்ட் இருந்த பாக்கெட்டையும் ஃப்ரீ பண்ணிட்டு பாயிண்டரை நல் ஆக்கிடும், அதையும் செக் பண்ணல. லினக்ஸ்காரன் இடம் இல்லைன்னா உடனே செத்து சொல்லிடுறான், எங்களது சிரிச்சுக்கிட்டே பெட்டி சேர்த்துட்டு ஆறு மாசம் கழிச்சு தடம் புரள வைக்கும். எது மேல்னு கேட்டா எனக்கு இப்போ பேனிக் தான் பிடிக்கும், அந்தக் காலத்துல கேட்டிருந்தா சண்டைக்கு வந்திருப்பேன்.

எக்ஸ்டிபி பைத்தியம்:

கெர்னலைத் தாண்டி பாக்கெட் ஓட்டுற டிபிடிகே லைப்ரரியும் உங்க ஜாதிதான் சார், டீஃபால்ட் ஹெட்ரூம் 128, ப்ரிபெண்ட் பண்ண இடம் இல்லைன்னா நல் கொடுக்கும். செக் பண்ணாதவன் செக்ஃபால்ட் வாங்குவான். விண்டோஸோட நெட்வொர்க் டிரைவர் ஏற்பாடான என்டிஐஎஸ்ல டேட்டா ஸ்டார்ட்டை முன்னாடி இழுக்கிறதுக்கு ‘ரிட்ரீட்’னு பேர் வச்சிருக்காங்க, பின்வாங்குதல்! போர்க்களத்துல இருந்து வந்தவன் எவனோ பேர் வச்சிருக்கான்.

புதுப்பையன்2:

வயர்கார்டு விபிஎன்ல எம்டியூ 1420னு வருதே அதுவும் இந்தக் கணக்கா அண்ணா?

எக்ஸ்டிபி பைத்தியம்:

பாதி. ஐபிவி6 40, யுடிபி 8, வயர்கார்டு தன் ஹெட்டர் 16, கடைசில ஆத்தென்டிகேஷன் டேக் 16, மொத்தம் 80, 1500ல கழிச்சா 1420. அது வயர்ல போற கணக்கு, இங்க பேசுறது மெமரில விடுற இடம். அந்த கடைசி 16 மட்டும் தலைமாட்டுல இல்ல கால்மாட்டுல ஒட்டணும், அங்கயும் இடம் வேணும், டெய்ல்ரூம்னு அது தனி ரோதனை.

கோவை கெர்னல்காரன்:

தாஸ் கதையைப் படிச்சிட்டு இன்னைக்கு காலைல அந்தப் புது தம்பியை எங்க சோர்ஸ்ல எங்கெல்லாம் கவ் ஹெட் இல்லாம எஸ்கேபி புஷ் இருக்குன்னு தேடச் சொன்னேன். டிரைவர் பக்கம் மூணு இடம் மாட்டுச்சு. ரெண்டு எவனோ வேலையை விட்டுட்டுப் போனவன் எழுதினது. மூணாவது, எந்த வரியை யார் எழுதினதுன்னு காட்டுற கிட் பிளேம்ல என் பேரு, அந்த 4 பைட் டேக்கை சரி பண்ணின அதே கமிட், நீடட் ஹெட்ரூம் போட்டுட்டு கவ் ஹெட்டை போடாம விட்டிருக்கேன். தம்பி ஒண்ணும் சொல்லல, பேட்சை அனுப்பி ரிவ்யூவருக்கு என் பேரைப் போட்டிருக்கான்.